குதிகாலை ஊன்றாமல் நடக்கிறதா பிள்ளை? விளையாடும் பிள்ளைகளின் வளர்ச்சி வலியும் சாப்பாடும்

பிராக்டீஸ் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளை, ஷூவைக் கழற்றியதும் குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்னங்காலை மட்டும் ஊன்றி நடந்து போனால், அன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துக் காலைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் மகனுக்கு அப்போது 12 வயது. நாங்கள் இருப்பது கோவில்பட்டியில், இங்கே ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளரும் பையன்கள் குறைவு. அவனும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்கு வருவான், சாயங்காலம் மறுபடி போவான். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பயிற்சி கொடுத்தவரும் ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். ஏழு வாரம் அப்படியே ஓடினான், எட்டாவது வாரம் மாடிப்படி இறங்க முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் பத்து வாரம் மட்டையைத் தொடவில்லை. முதல் வாரமே ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, அவன் என் முகத்தைத்தான் பார்த்தான்.

அந்தப் பத்து வாரத்திலும் அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடத்திலும் டாக்டரிடமும் பிசியோவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் செய்து பார்த்துச் சரிவந்ததையும் இங்கே எழுதுகிறேன். 8 வயதிலிருந்து 16 வயது வரை உள்ள பிள்ளையைப் புதிதாகக் கிரவுண்டுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்காக இது.

முதல் வேலை: எந்த வலி என்று பிரிப்பது

"வளர்ச்சி வலி" என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். எனக்கு நடந்த தவறே அதுதான்.

ஒன்று, ராத்திரி வலி. பொதுவாக 3 வயது முதல் 12 வயது வரை வரும். சாயங்காலமோ படுத்த பிறகோ தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். பெரும்பாலும் இரண்டு காலிலும் வலிக்கும். சில பிள்ளைகள் தூக்கத்தில் எழுந்து அழும், பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறது என்று சொல்லும், விடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். வீக்கம் இருக்காது, சிவப்பு இருக்காது, நொண்டல் இருக்காது. டாக்டர்கள் வளர்ச்சி வலி என்று சொல்வது இதைத்தான். பெயர் அப்படி இருந்தாலும், எலும்பு வளர்வதால்தான் இது வருகிறது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதிகம் ஓடிக் குதித்த நாளின் ராத்திரியில் வருவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இதற்கு வெந்நீர்ப் பை ஒத்தடம், நல்லெண்ணெய் தடவி மெதுவாகப் பிடித்துவிடுவது, படுக்கும் முன் கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி மடக்குவது, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது, இவை போதும். பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, விளையாடும் பிள்ளைகளுக்கு வரும் வளர்முனை வலி. பிள்ளையின் எலும்பு முனைகளில், பெரிய தசைநார்கள் வந்து ஒட்டும் இடத்தில், இன்னும் எலும்பாக இறுகாத குருத்தெலும்பு இருக்கும். திடுதிப்பென்று உயரம் கூடும் மாதங்களில் எலும்பு முதலில் நீண்டுவிடும், தசை அதன் பின்னாலேயே நீள வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை தசை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். கொடிக்கயிற்றை இறுக்கமாகக் கட்டி அதில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டே இருந்தால், நடுக்கயிறு அறுவதற்கு முன் முடிச்சுப் போட்ட இடம் தேயுமே, அதே கதைதான். ஓட்டமும் குதிப்பும் ஈரத்துணி, குருத்தெலும்பு முடிச்சு.

குதிகாலில் இது வருவது சுமார் 8 முதல் 14 வயதுக்குள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்து மெதுவாக அமுக்குங்கள். பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்தால் அநேகமாக இதுதான். டாக்டர் சீட்டில் "சீவர்ஸ் டிசீஸ்" என்று எழுதுவார். 1912-இல் இதை விவரித்து எழுதிய அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. டிசீஸ் என்ற சொல்லைப் பார்த்து நடுங்க வேண்டாம், இது தொற்றோ நோயோ இல்லை.

முழங்காலில் வந்தால், முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, காலெலும்பின் முன்பக்கம் ஒரு மேடு தட்டுப்படும். அதைத் தொட்டால் வலிக்கும், முட்டி போட்டால் வலிக்கும், மாடிப்படி ஏறினால் வலிக்கும். அதற்கு "ஆஸ்குட் ஷ்லாட்டர்" என்று பெயர். 1903-இல் அமெரிக்காவில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் ஒருவர், தனித்தனியாகக் கண்டு எழுதினார்கள். குதிகால் வலியைவிட இது பிடிவாதமானது. விட்டு விட்டு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோருக்கு வலி போய்விடும், மேடு மட்டும் அப்படியே நிற்கலாம், அதனால் கெடுதல் இல்லை. அந்த மேட்டை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கட்டி இல்லை, எலும்பு. சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிக்கொண்டு போய் இழுத்துவிடுவதும் வேண்டாம்.

வித்தியாசம் சுருக்கமாக: ராத்திரி வலி விளையாடும்போது இருக்காது, இடம் மாறும், இரண்டு காலிலும் வரும். வளர்முனை வலி விளையாடும்போதும் விளையாடி முடித்ததும் வரும், ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியும், ஓய்வு கொடுத்தால் குறையும்.

இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். காய்ச்சலோடு மூட்டு வலி. காலை எழுந்ததும் மூட்டு இறுகிப்போய் நடக்க நேரம் எடுப்பது. மூட்டில் வீக்கம், சூடு. ஒரே காலில், ஒரே இடத்தில், விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய்த் தூக்கத்திலிருந்தும் எழுப்பும் வலி. எடை குறைவது, முகம் வெளுப்பது, அடிபடாமலே தோலில் வரும் ரத்தக்கட்டு. இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும், எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். எலும்பில் கிருமித் தொற்று, வாத நோய், அபூர்வமாகப் புற்றுநோய், எல்லாமே முதலில் "கால் வலிக்குது" என்றுதான் தொடங்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முழங்கால் வலி என்று பிள்ளை சொல்லும், முழங்காலில் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் நொண்டும், பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். 10 வயதுக்கு மேல், அதுவும் கொஞ்சம் உடம்பு போட்ட பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் பந்துமுனை வளர்முனையில் நழுவக்கூடும். அப்படிச் சந்தேகம் வந்தால் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாலு நாள் பார்ப்போம் என்று விட்டால் இடுப்பு மூட்டே கெட்டுப்போகக் கூடும். வேகப் பந்து வீசும் பிள்ளைக்குக் கீழ்முதுகு ஒரு பக்கமாக வலித்து, பின்பக்கம் வளைந்தால் வலி கூடினால், அதையும் பிடிப்பு என்று விடாதீர்கள். முதுகெலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம்.

சுவரில் பென்சில் கோடு

காசு செலவில்லாத, நான் எல்லோருக்கும் சொல்லும் வேலை இது. மாதத்தில் ஒரு நாள், முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், காலையில் எழுந்ததும் வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிற்க வைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். காலையில்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் சாயங்காலத்துக்குள் நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறோம். பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். உச்சத்தில் பையன்கள் வருடத்துக்கு 9, 10 சென்டிமீட்டர் வரை போவார்கள். இது சராசரிக் கணக்கு, உங்கள் பிள்ளைக்கு இரண்டு வருடம் முன்னேயும் வரலாம், பின்னேயும் வரலாம், அதனால்தான் கோடு தேவை. மாதத்துக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கூடினால், வலி வருவதற்கு முன்னாலேயே குதிப்பையும் வேக ஓட்டத்தையும் குறையுங்கள். அந்த மாதங்களில் பிள்ளை திடீரென்று தடுமாறும், பந்து மட்டையில் நிற்காது, ஓட்ட நேரம் மோசமாகும். கவனம் போய்விட்டது என்று திட்டாதீர்கள், கைகால் நீளம் மாறியதற்கு உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது. என் மகனுக்கு அந்த வருடம் 9 சென்டிமீட்டர் கூடியிருந்தது, ஸ்கூல் பேன்ட் இரண்டு முறை மாற்றினோம், ஆனாலும் காலோடு சேர்த்து யோசிக்கவில்லை.

ஓட்டத்தைக் குறைப்பது எப்படி

முழு ஓய்வு என்று கட்டிலில் போடத் தேவையில்லை, அது பெரும்பாலும் உதவவும் செய்யாது. முதலில் ஒரு தாளில் வாரம் முழுக்க எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஸ்கூல் டீம், கிளப், கோடைப் பயிற்சி முகாம், தெருவில் கிரிக்கெட், எல்லாவற்றையும் சேர்த்து. பல நாடுகளில் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு ஒன்று உண்டு. வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சி வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு 12 மணி நேரம். என் மகன் கணக்கை எழுதியபோது 19 வந்தது. வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், கிரவுண்டுக்கே போகக் கூடாது. ஒரே விளையாட்டை வருடம் முழுக்க ஆடாமல், இடையிடையே ஒரு மாதம் ஒரு மாதமாக மொத்தம் இரண்டு மூன்று மாதம் வேறு ஏதாவது செய்யட்டும். கிணற்றில் நீச்சல், சைக்கிள், எதுவானாலும் சரி. எங்களுக்கு இதுதான் கைகொடுத்தது, குதிகாலில் இடி விழாது, மூச்சும் குறையாது.

வலிக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. மூன்று வரை என்றால் ஆடலாம், நாலு ஐந்து என்றால் பாதி நேரம் ஆடிவிட்டு உட்கார வேண்டும், அதற்கு மேல் என்றால் அன்றைக்கு இல்லை. மறுநாள் காலையில் எழுந்து நடக்கும்போது வலி முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் நேற்று ஆடியது அதிகம் என்று அர்த்தம். நொண்டும் பிள்ளை ஆடக் கூடாது, மதிப்பெண் எதுவாக இருந்தாலும்.

குதிகாலுக்கு: சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய வேண்டும், 30 விநாடி, மூன்று முறை, தினம் இரண்டு வேளை. பிராக்டீஸ் முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மெத்தென்ற குதிகால் கொண்ட ஓட்ட ஷூ வாங்குங்கள், உள்ளே ரப்பர் குதிகால் கிண்ணம் வைத்தால் இன்னும் நல்லது. கெட்டியான தரையில் அடியில் முளைகள் (ஸ்டட்) வைத்த ஷூவோ தட்டையான கேன்வாஸ் ஷூவோ போட்டு ஓடுவதும், வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் குதிப்பதும் வலியைக் கிளப்பிவிடும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக ஷூ வாங்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, விளையாட்டு ஷூவில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

வலி மாத்திரை போட்டு மேட்ச் ஆட வைப்பதை நான் பல போட்டிகளில் பார்க்கிறேன். மனது கொதிக்கிறது. மாத்திரை வலியை மறைக்கும், இழுபடும் குருத்தெலும்பை ஒன்றும் செய்யாது, பிள்ளைக்கு நிறுத்தத் தெரியாமல் போய்விடும். ராத்திரி தாங்க முடியாமல் அழுதால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுப்பது வேறு, ஆடுவதற்காகக் கொடுப்பது வேறு.

சாப்பாடு: சத்து பார்ப்பதற்கு முன் அளவு பாருங்கள்

சாப்பாட்டால் வளர்முனை வலியைத் தீர்த்துவிட முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்ன கஞ்சி குடித்தால் வலி போகும் என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வளர்வதற்கும் சாப்பாடு வேண்டும், ஓடுவதற்கும் சாப்பாடு வேண்டும், இரண்டுக்கும் போதாமல் போனால் உடம்பு பழுது பார்க்கிற வேலையைத்தான் முதலில் நிறுத்தும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணைப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளைக்கு 2,860 கிலோ கலோரி, பெண்ணுக்கு 2,400. தினம் இரண்டு வேளை கிரவுண்டுக்குப் போகும் பிள்ளைக்கு இதற்கும் மேலே போகும். நம் வீட்டுச் சிக்கல், காலைதான். ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய், ஏழரைக்கு ஓடி வந்து, குளித்து, இரண்டு இட்லியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்கும் பிள்ளை, மதியம் ஒரு மணி வரை அந்த இரண்டு இட்லியில்தான் வண்டி ஓட்டுகிறது. ஒரு இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம்.

நாங்கள் மாற்றியது இப்படி. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சை, ஒரு டம்ளர் தண்ணீர். முழுச் சாப்பாடு வேண்டாம், வயிறு பிடிக்கும். முடிந்து வந்து ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடும் டிபன்: நாலு இட்லி, சாம்பார் தாராளமாக, இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். முட்டை சாப்பிடாத வீடு என்றால் பாசிப்பயறு அடையோ கொண்டைக்கடலை சுண்டலோ. பதினொரு மணி இன்டர்வலுக்கு டப்பாவில் வேர்க்கடலையோ கடலை மிட்டாயோ போகும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் கடலை மிட்டாயை இங்கே சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. வெல்லமும் கடலையும் சேர்ந்து, பையில் கெடாமல் இருந்து, அடுத்த ஓட்டத்துக்கு வேண்டியதைக் கொடுக்கும், விலையும் குறைவு, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தால் போதும். மதியம் சோறு, பருப்பு, ஒரு கீரை அல்லது காய், தயிர். அரசுப் பள்ளியில் படித்தால் சத்துணவில் முட்டை தருவார்கள், பிள்ளை அதைச் சாப்பிடுகிறதா, பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறதா என்று கேளுங்கள். சாயங்காலப் பயிற்சிக்கு முன் அவல் அல்லது அவித்த சர்க்கரைவள்ளி, ராத்திரி வயிறு நிறையச் சாப்பாடு.

புரதக் கணக்கு இவ்வளவுதான்: 40 கிலோ எடையுள்ள, தினம் விளையாடும் பிள்ளைக்கு 50 முதல் 60 கிராம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாலிலும் தயிரிலுமாக 13, ஒரு கிண்ணம் சுண்டலில் 10, பருப்பில் 7, அரிசியிலும் இட்லி தோசையிலுமாக 15-க்கு மேல். முடிந்தது. நான் முதல் வருடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புரத பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். அதில் ஒரு கரண்டியில் என்ன இருக்கிறதோ, ஏறக்குறைய அதே புரதம் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் முப்பது ரூபாய்க்குள் தந்துவிடும். டின்னில் வரும், பாலில் கலக்கும் மாவு பானங்களைச் சத்து என்று நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: அப்படிப்பட்ட பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது, நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே வரையறுக்கப்படவில்லை. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுண்ணாம்புச் சத்தும் வெயிலும்

கால்சியம் 10 முதல் 12 வயதுக்கு நாளைக்கு 850 மில்லிகிராம், 13 முதல் 15 வயதுக்கு 1,000. நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 120 இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி. கேழ்வரகு கொடுக்கிறோம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எவ்வளவு என்று கேட்டால் மால்ட்டில் இரண்டு ஸ்பூன் என்பார்கள், அது 20 கிராம் மாவு, 70 மில்லிகிராம்தான். களியாகவோ அடையாகவோ புட்டாகவோ எழுபது எண்பது கிராம் மாவு வயிற்றுக்குள் போனால்தான் அது கணக்கில் வரும். புளிக்க வைத்த கூழும் முளைகட்டிய மாவும் இன்னும் நல்லது, சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பொருள் அதில் குறைந்துவிடும். முருங்கைக்கீரை, ஒரு எள்ளுருண்டை, மீன் சாப்பிடுபவர்கள் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, இவை சேர்ந்தால் ஆயிரம் தொட்டுவிடலாம். பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் உடம்பில் அதிகம் சேராது.

வைட்டமின் டி விஷயத்தில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: தினம் இரண்டு வேளை வெட்டவெளியில் ஆடுகிற என் மகனுக்கு டி குறைவு. டாக்டர் விளக்கினார். காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் சாய்ந்து விழும் வெயிலில், தோல் வைட்டமின் டி செய்யத் தேவையான கதிர் மிகவும் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். நம் கருந்தோலுக்கு நேரமும் கொஞ்சம் அதிகம் வேண்டும். சனி ஞாயிறு பத்தரை மணி வாக்கில் கையும் காலும் வெயிலில் படும்படி இருபது நிமிடம் விளையாடட்டும், சித்திரை வெயிலில் இன்னும் குறைவாக. உள்ளரங்கில் பேட்மின்டன் ஆடும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். டி மிகவும் குறைந்தால் காலெலும்பு வலியே வரும், அதனால் வலி விடாமல் இருந்தால் ரத்தத்தில் பார்ப்பது நல்லது. ஆனால் மருந்துக் கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாக வாங்கி வாராவாரம் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

ரத்தம், எடை, பெண் பிள்ளைகள்

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கிரவுண்டில் சீக்கிரம் மூச்சு வாங்கினால், ஓட்ட நேரம் காரணமில்லாமல் மோசமானால், கால் சோர்ந்து வலித்தால், ஹீமோகுளோபின் பாருங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், அவை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரைக்கும் பயறுக்கும் மேலே எலுமிச்சை பிழிவது, பிறகு ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய் தின்பது, இரும்பை உள்ளே இழுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள், குடற்புழு மாத்திரையையும்தான்.

கபடி, குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற எடைப் பிரிவு விளையாட்டில் போட்டிக்கு முந்தின இரண்டு நாள் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்தி, மழைக்கோட்டு போட்டு ஓட வைக்கிறார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் நூறு கிராம் கூடியதற்காக இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பையே இழந்தார். ராத்திரி முழுக்க டாக்டர்களும் பயிற்சியாளர்களும் கூட இருந்து எடை குறைத்தும் வளர்ந்த வீராங்கனைக்கே அது அவ்வளவு கடினம். பிள்ளை வளர்கிறது, எடை கூடத்தான் வேண்டும், அடுத்த பிரிவில் ஆடட்டும்.

பெண் பிள்ளைக்கு 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலோ, விளையாடுகிற உடம்பு அப்படித்தான் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சாப்பிடுவது போதவில்லை என்று உடம்பு சொல்லும் முதல் சொல் அது. அப்படியே விட்டால் எலும்பு மெலிந்து மயிரிழை முறிவில் போய் நிற்கும். "கொஞ்சம் குண்டாயிட்ட" என்று கோச் எல்லோர் முன்னாலும் சொன்னால், அன்றைக்கே போய்த் தனியாகப் பேசுங்கள். விரதம், நோன்பு இருக்கும் மாதங்களில் பயிற்சியையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான கோச்சுகள் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

தூக்கம்

12 வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல், 13-க்கு மேல் எட்டிலிருந்து பத்து. காலை ஐந்துக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டு மணிக்கே, 13-க்கு மேல் என்றால் ஒன்பதுக்குள், தூங்க வேண்டும், டியூஷனே ஒன்பதுக்குத்தான் முடிகிறது. இதற்கு வழி ஒன்றுதான், எதையாவது விட வேண்டும். நாங்கள் வாரத்தில் மூன்று நாள் காலைப் பயிற்சியை விட்டோம். கோச் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, டாக்டர் சீட்டைக் காட்டி, இவன் அடுத்த வருடமும் ஆட வேண்டும் சார் என்றேன், அப்புறம் சரி என்றார்.

மறுபடி கிரவுண்டுக்கு

அமுக்கினால் வலி இல்லை, மாடிப்படி வலி இல்லாமல் ஏறி இறங்குகிறான், ஒற்றைக் காலில் இருபது முறை தத்தினால் வலி இல்லை. இந்த மூன்றும் வந்த பிறகு முதல் வாரம் மெதுவோட்டம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாவது வாரம் மட்டையும் பந்தும், வேக ஓட்டம் இல்லாமல். மூன்றாவது வாரம் பாதி மேட்ச். எங்காவது வலி நாலைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும். குதிகால் வலி வளர்ச்சி முடியும் வரை அவ்வப்போது எட்டிப் பார்க்கும், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகனுக்கு இப்போது 14. சுவரில் 22 கோடுகள் இருக்கின்றன. போன வாரம் சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான், என்னடா என்றேன். "இன்னிக்கு அஞ்சுப்பா, நானே சார்கிட்ட சொல்லிட்டு உக்காந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்தான்.